சுமதி சொல்லி முடிக்கட்டும்

போன வெள்ளிக்கிழமை என் மனைவி என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்.

பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடம். சுமதிக்கு அன்று பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு — வைவா. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. புருஷன் முன்வரிசையில் உட்காரக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஆனாலும்...

"ஏனுங்க, முன்னாடி உக்காந்தீங்கன்னா உங்க உதடு அசையும். அதைப் பாத்தா எனக்கு இன்னும் திக்கும்."

ஆமாம், சுமதிக்குப் பேச்சு திக்கும். சின்ன வயதிலிருந்தே. கணக்கு டீச்சர். போர்டில் எழுதும் வரை பிரச்னையே இல்லை. திரும்பி நின்று பேசும்போதுதான் வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். அப்படிப்பட்டவர், நாற்பதைத் தாண்டியபின் கவுன்சலிங் படிக்கப் போகிறேன் என்றார்!

அட்மிஷன் இன்டர்வியூவில் ஒருவர், "பேசறதே சிரமமா இருக்கே, கவுன்சலிங் எப்படிம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டாராம்.

"கேக்கறதுல சிரமம் இல்லீங்க சார்" என்றாராம் இவர்.

இடம் கிடைத்தது. எம்.எஸ்சி. முடித்தார். அதோடு விட்டாரா? கல்வி உளவியலில் ஆய்வுக்குச் சேர்ந்தார். தலைப்பு — வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள். ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி ஊர்களுக்கு பஸ்ஸில் போய், பதில் தெரிந்தும் கை தூக்காத குழந்தைகளிடம் பேசி எழுதிய ஆய்வு.

வைவாவுக்கு முந்தைய நாள் கைடு மேடம் அக்கறையாகச் சொன்னார். "எல்லாத்தையும் ஸ்லைடுல போட்டுருங்க சுமதி. நீங்க பேச வேண்டியது குறையும்."

"பேசாத பிள்ளைங்களைப் பத்துன ஆய்வுங்க மேடம். நானும் பேசாம நின்னா எப்படிங்க?"

கூடம் நிறைந்திருந்தது. சுமதியின் அண்ணன் ஆனைமலையிலிருந்து குடும்பத்தோடு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இளநீர்க் குலைகளை வாசலில் இறக்கியிருந்தார். சுமதி மைக்கைப் பிடித்தார்.

"எனக்குத் தி... திக்குமுங்க. கொஞ்சம் நேரம் கூட ஆகும். இருந்து கேளுங்க."

நன்றாகத்தான் போனது — வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றும் வரை.

"உங்க திக்கலால குழந்தைங்க சொன்ன பதில் மாறியிருக்காதா? அப்ப இந்த ஆய்வை எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. ஆனால் பதில் சரியாக விழாவிட்டால், இத்தனை வருட உழைப்பும் அங்கேயே படுத்துவிடும்.

"மாறுச்சுங்க சார். அதைத் தனி அத்தியாயமாவே எழுதியிருக்கேன். எங்கிட்டப் பேசறப்ப பசங்க க்... க்..."

வார்த்தை நின்றுவிட்டது. அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

தேர்வாளர் உதவிக்கு வந்தார். "கேலி பண்ணாங்களா?"

"இல்லீங்க சார்." சுமதி சிரித்தார். அவசரமே படாமல் மறுபடி தொடங்கினார். "க்... காத்திருந்தாங்க. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் அவங்க காத்திருந்தாங்க. அவங்க சொல்லி முடிக்கற வரைக்கும் நான் காத்திருந்தேன். அதனாலதான் பேசுனாங்க. இப்ப நீங்க ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தீங்களே... வகுப்புல நாங்க டீச்சருங்க செய்யறதும் அதேதானுங்க. அது தப்பான வார்த்தையா இருந்தாலும், பிள்ளைங்க தலையாட்டிட்டு உக்காந்துக்குது."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "மன்னிக்கணும். முழுசா சொல்லுங்கம்மா. நான் குறுக்க வரலை."

சொன்னார். திக்கித் திக்கி, யாரிடமும் ஒரு வார்த்தைகூட இரவல் வாங்காமல். முடித்ததும் அவருடைய அண்ணன் படபடவென்று கை தட்டிவிட்டார். வைவாவில் தட்டலாமா கூடாதா என்று விழித்துக்கொண்டிருந்த பேராசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். தேர்வாளர் எழுந்து நின்று அறிவித்தார் — டாக்டர் சுமதி!

அடுத்தவர் வாக்கியத்தை முடித்துவைக்க நமக்கு ஏன் இத்தனை ஆசை? உதவி என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் அது நம் அவசரம்தான், இல்லையா?

போன் என்றாலே என் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிடும் சுமதி, அன்று சாயங்காலம் சொந்தக்காரர்களை ஒருவர் பாக்கியில்லாமல் தானே கூப்பிட்டார். "டா... டா... டாக்டர் சுமதி பேசறேனுங்க!" ஒவ்வொரு போனிலும் அந்த இடத்தில் திக்கியது.

திக்கட்டுமே... அந்தப் பட்டத்தை எவ்வளவு நீட்டிச் சொன்னாலும் தகும்!