இரவல் பாய்

பெயர்: சலீலோ. பிறந்தது 1957, சவாயித் தீவின் தென்கரையில் உள்ள வைலோலோ கிராமம். கணவர் 2004-இல் இறந்தார். ஒரே மகன் யோசுவா, பிறப்பு 1986, மணமாகாதவன். தொழில்: சேப்பங்கிழங்குத் தோட்டம். அத்துடன், இருபதாவது வயது முதல் கிராமத் திருச்சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை. 2015 ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர் வீட்டில் ஞாயிறு மதிய உணவுக்கு உட்கார்ந்தவர்கள் மகனையும் சேர்த்து ஏழு பேர்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை மாலை, யோசுவா தோட்டத்திலிருந்து சாலையோரமாக நடந்து வந்துகொண்டிருந்தான். பக்கத்துக் கிராமமான சமாலேயைச் சேர்ந்த மீகா என்னும் பத்தொன்பது வயது இளைஞன் ஓட்டிவந்த பிக்கப் வண்டி வளைவில் கட்டுப்பாடு தவறி அவன்மேல் மோதியது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே யோசுவா உயிர் நீத்தான். மீகா குடித்திருக்கவில்லை, வேகமாக வந்திருந்தான். சிறுவயதில் சில ஆண்டுகள் அவனும் சலீலோவிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவன்.

மறுநாள் விடிந்தபோது சலீலோ வீட்டு முற்றத்தில் மீகாவின் குடும்பத்தார் தலைகுனிந்து அமர்ந்திருந்தனர். அவர்களுக்கு முன்னால் அடுப்புக் கற்களும் விறகும் வைக்கப்பட்டிருந்தன. முன்வரிசையில் மீகாவும் அவன் தாய் வாயிகாவும் ஒரே நெய்த பாயைத் தலைமேல் போர்த்தியிருந்தனர். இறந்தவனின் வீட்டார் வெளியே வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால், அதன்பின் நடப்பது எதுவானாலும் அமர்ந்திருப்பவர்கள் ஏற்றாக வேண்டும். யோசுவாவுக்குச் சித்தப்பன் முறையான மூன்று பேர் வெட்டுக்கத்திகளோடு பலாமரத்தடியில் நின்றார்கள்.

சலீலோவின் தம்பி மலாகி குடும்பத் தலைவர். முறைப்படி பாயை எடுக்க வேண்டியவர் அவர். ஆனால் அக்காளின் சொல்லை மீறித் தம்பி நடப்பதென்பது எங்கள் ஊர்களில் இல்லை. அவர் உள்ளே வந்து, மகனின் ஆலயச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காளுக்கு எதிரே அமர்ந்தார்.

"அக்கா, வெயில் ஏறுது. நீ சொல்லு. எடுக்கட்டுமா, வேண்டாமா?"

"கிடக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"என் பிள்ளை எழுந்து வர்ற வரைக்கும்."

மலாகியின் மனைவி ரெபேகா ஓலைத்தட்டியின் இடுக்கு வழியாக முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்திலும் வாயை அடக்கத் தெரியாதவள் என்று அவளுக்கு ஊரில் பெயர்.

"கல்லு, விறகு எல்லாம் அவங்களே கொண்டாந்துட்டாங்க. நம்மளச் சுட்டுத் தின்னுங்கன்னு அர்த்தமாம். அந்தப் பையனைச் சுட்டா ஒரு ஆளுக்குக்கூடக் காணாது, எலும்பும் தோலுமா இருக்கான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கழுத்தை நீட்டி மீண்டும் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, அது நம்ம பாய்."

"என்ன உளறுற?"

"சிவப்பு இறகு வச்ச ஓரம். நீங்க நெய்தது. அந்தப் பின்னல் வேற யாருக்கும் வராது."

பாய்கள் எங்களிடையே ஓரிடத்தில் நிற்பதில்லை. கலியாணத்துக்கு ஒரு வீடு கொடுக்கும், சாவுக்கு இன்னொரு வீடு வாங்கும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போகிற வீட்டுக்கு அந்த வீட்டுப் பாயையே போர்த்திச் செல்வது, அவர்கள் கையால் செய்ததை அவர்கள் முகத்திலேயே எறிவதற்குச் சமம். அதனால்தான் பெரியவர்கள் பாயை விரித்துப் பார்த்து, அது வந்த வழியை விசாரித்த பின்னரே கொண்டு செல்வார்கள். முந்தின இரவு அப்படி விசாரிக்க யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை.

மலாகி எழுந்துவிட்டார். முகம் கறுத்துவிட்டது. "நம்ம பாயையே நமக்குக் கொண்டு வந்திருக்கானுங்களா? பையனையும் கொன்னுட்டு, கேலியும் பண்றானுங்களா?"

பலாமரத்தடியில் நின்றவர்கள் அவர் குரலைக் கேட்டு இரண்டடி முன்னால் வந்தார்கள்.

"நீ இரு" என்றார் சலீலோ. சட்டையை ரெபேகாவிடம் கொடுத்தார். "என் பாய். நானே போய் உருவிக்கிட்டு வர்றேன். அவங்க வெறுந்தலையோட உக்காரட்டும்."

கோபத்தோடுதான் வெளியே போனார். பின்னாளில் அவரே அதை மறைக்காமல் சொன்னார். பாயின் விளிம்பைப் பிடித்த பிறகுதான் கை நின்றது. எடுத்தால், எந்த எண்ணத்தோடு எடுத்தாலும், அது மன்னிப்பாகிவிடும். முற்றம் முழுவதும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாய்க்கு அடியிலிருந்து வாயிகாவின் குரல் கேட்டது.

"எடுக்காதீங்க அக்கா. மனசு இல்லாம எடுக்காதீங்க. நாங்க இருக்கோம்."

சலீலோவின் விரல்கள் பாயின் மூலையில் இருந்தன. அங்கே நெசவு சற்றே தடித்திருந்தது. குனிந்து பார்த்தார். மங்கிய தாழை இழைகளுக்கு நடுவே, வேறு நிறத்தில் இரண்டு இழைகள் கோத்து ஒட்டுப் போடப்பட்டிருந்தது. அவர் முற்றத்து மணலிலேயே, வெயிலில், பாயின் மூலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மூலைய யோசுவா கடிச்சான்" என்றார் கடைசியில். "பல்லு முளைக்கிற நேரம். நான் நெய்துகிட்டே இருக்கேன், அவன் இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு எலி மாதிரி கடிச்சுக்கிட்டே இருக்கான். ஒட்டுப் போட்டேன்."

பாய் குலுங்கியது. உள்ளே வாயிகா அழுதுகொண்டிருந்தாள்.

"எங்களுக்குத் தெரியாது அக்கா. சத்தியமா தெரியாது. எங்க வீட்ல இந்த மாதிரிப் பாயே கிடையாது. ராத்திரி எங்க மாமா வீட்ல இரவல் கேட்டு வாங்கினது. யார் நெய்ததுன்னு கேக்கவே தோணல."

"தெரியும். தெரிஞ்சிருந்தா கொண்டு வந்திருக்க மாட்டே." சற்று நிறுத்தி, "பையன் சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

"நேத்துலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல."

சலீலோ எழுந்து பாயை எடுத்தார். மீகா மணலில் நெற்றி பதித்துக் கிடந்தான். அவர் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் தூக்கினார். மூக்கிலும் கன்னத்திலும் ஒட்டியிருந்த மணலை, வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத் துடைப்பதுபோல, தன் துணியின் ஓரத்தால் துடைத்துவிட்டார்.

"உள்ளே வா. ரெபேகா, இவனுக்குக் கோக்கோ ஊத்து."

பலாமரத்தடியில் நின்ற மூவரில் மூத்தவர் கத்தியை மரத்தில் கொத்தி நிறுத்திவிட்டு, முகத்தை மறைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். மலாகி வாசலில் நின்று, முறைப்படிப் பேசவேண்டிய வரவேற்பு உரையைத் தொடங்கினார்; பாதியில் குரல் உடைந்தது. மீகாவின் குடும்பத்துப் பேச்சாளர் எழுந்து அதை முடித்துக் கொடுத்தார். அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததாக யாரும் சொல்லவில்லை.

பாயை என்ன செய்வது என்ற பேச்சு மதியம் எழுந்தது. நம்முடையது, நம்மிடமே இருக்கட்டும் என்றார் மலாகி. சலீலோ அதை மடித்து வாயிகாவின் மடியில் வைத்தார். "கொடுத்தது கொடுத்ததுதான். உங்க மாமாகிட்ட திருப்பிக் குடு. இரவல் வாங்கினது இல்லையா."

யோசுவாவை வீட்டு முன்புறத்திலேயே அடக்கம் செய்தார்கள். குழி தோண்டியவர்களில் மீகாவும் ஒருவன். நீதிமன்றம் அவனுக்குச் சிறை விதிக்கவில்லை. ஓட்டுநர் உரிமத்தை மட்டும் ரத்து செய்தது.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, பிள்ளைகளின் ஞாயிறு. அன்று பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வசனம் சொல்வார்கள். பெரியவர்கள் பரிமாறிவிட்டு அவர்களுக்குப் பிறகு சாப்பிடுவார்கள். கடவுள் நம்மை எவ்வாறு நேசித்தாரோ அவ்வாறே நாமும் பிறரை நேசிக்க வேண்டும் என்பதுதான் சலீலோ வழக்கமாகப் பழக்கும் பாடம். அவ்வாண்டும் அதையே பழக்கினார். மீகாவை மன்னிக்க எப்படி முடிந்தது என்று பின்னொரு நாள் அவரிடம் கேட்டேன். அவர் சேப்பங்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"பாசம் வந்து எடுத்தேன்னு நினைக்காதே. அன்னைக்கு என்கிட்ட ஒரு துளிகூட இல்ல. வாயிகா பாய் இரவல் வாங்கின மாதிரிதான். எனக்கு மேலே இருக்கிறவர்கிட்ட வாங்கித்தான் அந்தப் பையன் முகத்தைத் தொட்டேன். இப்பவும் சில நாள் காலையில அப்படி வாங்கிக்கிட்டுத்தான் அவனைப் பாக்குறேன்." பிறகு கத்தியால் என்னைச் சுட்டி, "சும்மா உக்காந்து கேக்காம அந்தத் தோலையெல்லாம் அள்ளிப் பன்னிக்குப் போடு" என்றார்.

ஞாயிறுதோறும் விடியற்காலையில் அடுப்புக் கற்களைச் சூடாக்கி, கிழங்கும் மீனும் இலையால் மூடி வேகவைப்பது அந்த வீட்டில் யோசுவாவின் வேலையாக இருந்தது. இப்போது அதற்காக சமாலேயிலிருந்து மீகா நடந்து வருகிறான். தேங்காய்ப் பால் பிழிய அவனுக்கு இன்னும் கை படியவில்லை என்கிறாள் ரெபேகா. ஆனால் அவன் பிழிந்ததைத்தான் முதலில் கேட்டு வாங்குகிறாள்.

சென்ற ஞாயிறு அந்த வீட்டில் மதிய உணவுக்கு உட்கார்ந்தவர்கள்: ஏழு பேர்.