துபாயில் நாங்கள் ஏறாத பஸ்கள்

எங்கள் ஆட்கள் காரணம் இல்லாமல் ஓர் ஊருக்கும் போகமாட்டார்கள். லண்டன் என்றால் கலியாணம், சுவிஸ் என்றால் சாமத்தியவீடு, ஜெர்மனி என்றால் செத்தவீடு. லூர்துக்குப் போவதென்றாலும் ஒரு நேர்த்திக்கடன் இருக்கவேண்டும். ஆகவே நானும் மனைவியும் துபாய்க்கு டிக்கெட் போட்ட செய்தி, பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் பரவியதும், மரக்கறிக் கடையில் தெரிந்தவர் ஒருவர் என்னை மறித்துக்கொண்டார்.

"அங்கை ஆற்றை கலியாணம் அண்ணை?"

"கலியாணம் ஒண்டும் இல்லை. சும்மா போறம்."

"சும்மாவோ?" கையிலிருந்த முருங்கைக்காயைத் திரும்பவும் பெட்டியில் போட்டுவிட்டார். "மணலுக்கையும் வெய்யிலுக்கையும் என்ன கிடக்கெண்டு?"

ஆசை மனைவியுடையது. பாலைவனத்தின் நடுவே எழும்பி நிற்கிற அந்தப் பெரிய நகரத்தில், எங்களை ஒருவருக்கும் தெரியாத இடத்தில், ஒரு கிழமை இருக்கவேண்டும் என்றாள். சாறி கட்டத் தேவையில்லை, வீடியோவுக்குச் சிரிக்கத் தேவையில்லை என்றாள்.

எனக்கோ வெளியே சொல்ல வெட்கமான ஒரு பயம். நான் இரவு வேலைக்காரன்; ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையல்வரை வந்தவன். அவள் விடியுமுன் போய் அலுவலகங்களைத் துப்புரவாக்குகிறவள். நான் புறநகர் கார்ஜில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து படுக்கும்போது அவள் நல்ல நித்திரை; நான் எழும்பும்போது போயிருப்பாள். அவள் வந்து பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும்போது நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். இப்படியே பிள்ளைகளும் வளர்ந்து, பாதி ஆயுளும் போய்விட்டது. ஒரு கிழமை முழுதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து என்னத்தைக் கதைப்பது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

பயந்தபடியே முதல் நாட்கள் போயின. சாரதி இல்லாத மெட்ரோ, அண்ணாந்தால் கழுத்து நோகும் கட்டடம், தங்கக் கடைத் தெரு, கடற்கழியைக் கடக்கும் மரப்படகு, மலையாளிகளின் தேநீர்க் கடை எல்லாம் பார்த்தோம். "வடிவு" என்பாள். "ஓம்" என்பேன். கதை அதோடு சரி. விடியுமுன் அவள் எழும்பி யன்னலடியில் இருப்பாள். நான் நல்ல நித்திரை. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு உசார் வரும். அவளுக்குக் கண் சொருகும். வேலைதான் இல்லையே தவிர, இருவரும் பழைய வேலைநேரத்திலேயே இருந்தோம். இந்த மனுசியை அறியாமலே செத்துப்போவேனோ என்று துக்கமாக இருந்தது.

இன்று யாரும் துபாயைப் பற்றிக் கேட்டால் அந்த உயரமான கட்டடத்தைச் சொல்லித் தப்பிவிடுகிறேன். எனக்கு ஆசையாக நினைவில் நிற்பது ஒரு பஸ் தரிப்பு. கண்ணாடிச் சுவரும் கதவும் வைத்து, உள்ளே குளிரூட்டியிருந்தார்கள். மத்தியான வெய்யிலுக்குப் பயந்து அதற்குள் ஒதுங்கினோம்.

"இஞ்சேருங்கோ, பஸ்ஸுக்கு நிக்கிற சனத்துக்கும் ஏசி போட்டிருக்கிறாங்கள்!" என்று சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

பஸ் வந்தது. அவள் எழும்பவில்லை.

"இருப்பம். ஓடிப்போய் ஏறி என்ன செய்யப்போறம்?"

அதுவும் சரிதான் என்று வாங்குப் பலகையில் சாய்ந்தேன். அந்தக் குளிரில் அப்படியே அயர்ந்துபோனேன்.

கண் விழித்தபோது என் தோள்பை அவள் மடியில் இருந்தது. வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"என்னத்துக்கு இந்தப் பிடி? இஞ்சை ஆர் களவெடுக்கப் போறாங்கள்?"

"பழக்கம்."

"கண்டறியாத பழக்கம்!"

அவள் வீதியைப் பார்த்தபடி சொன்னாள். கடைசி றெயினைத் தவறவிட்ட நாட்களில், கார் து நோர் நிலையத்தில் முதல் றெயினுக்காக நான் வாங்கில் கிடந்து நித்திரைகொள்வேன். வேலைக்கு வரும் அவளும் அந்நேரம்தான் அங்கே வந்து இறங்குவாளாம்.

"பையைக் கீழை போட்டிட்டு வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பீங்கள். ஆரும் தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது. பையை எடுத்து வைச்சுக்கொண்டு நிப்பன். உங்கட றெயின் சத்தம் கேட்க, தலைமாட்டிலை வைச்சிட்டுப் படியேறிடுவன்."

"எழுப்பியிருக்கலாமே?"

"எழுப்பினா நீங்கள் கதைப்பீங்கள். பிறகு எனக்கு வேலைக்குப் போக மனம் வராது."

பிந்திப் போனதற்கு ஏச்சும் வாங்கியிருக்கிறாள். ஒரு நாளாவது வாய் திறக்கவில்லை. எங்களுக்குள் கதைக்க ஒன்றும் இல்லை என்று பயந்த என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அவளுக்குக் கண் சொருகத் தொடங்கியிருந்தது. வாரை அவள் கையிலிருந்து மெல்லக் கழற்றினேன்.

"நீர் கொஞ்சம் சாயும். நான் பாக்கிறன்."

மறுப்பாள் என்று நினைத்தேன். என் தோளில் தலையை வைத்தவள் அடுத்த நிமிடம் நித்திரை. என் பையையும் அவளுடைய கைப்பையையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு பஸ் வந்து கதவைத் திறந்தது. சாரதி எங்களைப் பார்த்தார். சத்தம் போடாமல் போகும்படி கைகாட்டினேன்.