தீவுக்காரனை என்னிடம் விட்டுப்போன நாச்சிமுத்தண்ணன்

போன செவ்வாய்க்கிழமை காலை, குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் தறிக்கு ஏற்றும் பாவு நூலை நீளமாக நீட்டிப் பிடித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். நாச்சிமுத்தண்ணன் காலமாகிவிட்டார் என்று அவருடைய மருமகன் வந்து சொன்னார். கஞ்சி காய்வதற்குள் தேய்க்காவிட்டால் இழை ஒட்டிப் பாவு கெட்டுவிடும். அதனால் எட்டுப் பேரும் அழுதுகொண்டே தேய்த்தோம். நான் செத்தால் இதில் எத்தனை பேர் அழுவார்கள் என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது. அண்ணன் விஷயத்தில் என் மனசு எப்போதும் அப்படித்தான்.

அவர் எங்கள் தறிக்கூடத்துக்கு வரும்வரை எல்லாரையும் சிரிக்கவைக்கிறவன் நான் ஒருத்தன்தான். அண்ணன் சேலத்தில் எட்டாவது படித்தவர்; நான் இரண்டாவதோடு நின்றவன். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் பாதித் தறி ஓய்ந்திருந்தபோது, அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். கப்பல் உடைந்து, ஆளில்லாத தீவில் தனியே ஒதுங்கியவனின் கதை. மத்தியானச் சோற்று வேளையில் உரக்கப் படிப்பார். படிக்கிறவர் பசியோடு இருக்கலாமா என்று எல்லார் தூக்குப்போசியிலிருந்தும் ஒரு பங்கு அவருக்குப் போகும். முதலில் போனது என் வீட்டுக் கம்மஞ்சோறு. என் மனைவி பாவாயி ராட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்துகொள்வாள். அவள் வராத நாளில், நான் வீடு திரும்பியதும், "ஏனுங்க, அந்தத் தீவுக்காரரு இன்னைக்கு என்னத்தச் சாப்புட்டாரு?" என்பாள். நான் சாப்பிட்டேனா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு நாள், தீவுக்காரன் ஆட்டுத்தோலைத் தைத்து உடுத்தினான் என்று படித்தார். விடுவேனா?

"ஏனுங்கண்ணா, அந்த வெய்யில்ல தோலா? நாலு குச்சிய நட்டுத் தறி போட்டு ஒரு வேட்டி நெய்யக் கூடாதுங்களா? நம்மூரு ஆளா இருந்தா இந்நேரம் துப்பட்டிய விரிச்சுப் படுத்திருப்பான்!"

கூடமே சிரித்தது. பாவாயியும் சிரித்தாள். அண்ணனும் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"தறி போடலாஞ் சாமி. நூலுங்கூட நூத்துக்கலாம். பாவ நீட்டுனா, அந்த முனைய ஆரு புடிப்பா?"

சிரிப்பு நின்றது. பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

போன தையில் தொண்டை நோவு வந்து அவருக்குக் குரல் போயிற்று. கதை முடிய எட்டுப் பக்கம் மிச்சம். பார்க்கப் போனவன், "இனிக் கூட்டம் என்னுதுங்கண்ணா" என்று சீண்டினேன். சிரித்துக்கொண்டே தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். குரல் வெறும் காற்றாக வந்தது:

"வெச்சுக்கப்பா. அந்த ஆளு இன்னும் தீவுலதான் நிக்கறான். நீ கரை சேத்துடு."

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான். தடுமாறினால் என்னைப் பார்த்தே சிரிப்பார்களே என்று புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டேன். "கரை சேத்துட்டானா?" என்று மருமகனிடம் கேட்டனுப்புவார். "நாளைக்கு" என்பேன். அந்த நாளைக்கு முன்னால் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் புத்தகத்தை இறக்கினேன். எட்டுப் பக்கத்தை ஆறு நாள் கூடத்தில் உரக்கப் படித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நேற்று கப்பல் வந்து அவனை ஏற்றிக்கொண்டது. நாலு பேர் மெச்சுவார்கள் என்று நிமிர்ந்தேன். பாவாயி ராட்டையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"கண்ண மூடிக் கேட்டா நாச்சிமுத்தண்ணன் படிக்கற மாதிரியே இருந்துதுங்க."

அண்ணா, தொண்டை வறளப் படித்தது நான், பேர் உங்களுக்கு. சரி, அதையும் எடுத்துக்கொண்டு நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். அங்கே நீங்கள் படிக்கும்போது வேறு எவனாவது குறுக்கே பேசினால், அவனுக்கு மட்டும் சிரித்துவிடாதீர்கள்.