குமானோ மலையில் அக்காவின் துடக்கு

அக்காவுக்கு மாதவிடாய் நிற்கட்டும் என்று நாங்கள் இருவரும் பல வருடங்கள் காத்திருந்தோம். யப்பானுக்குப் போவதற்காக. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து சுவிசுக்கு வந்தவள். நான் இங்கேயே பிறந்த கடைக்குட்டி. அவள் சூக் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் ரயில் மாறி அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போவாள். நானும் கூடப் போன ஒருநாள், ரயிலில் வைத்து என் போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். குமானோ என்ற மலைக்காடு. அதற்குள்ளே பழைய யாத்திரைப் பாதை, வழிநெடுகச் சின்னச் சின்னக் கோயில்கள், முடிவில் ஒரு பெரிய கோயில். யப்பானின் ஆதி ஷின்டோ தெய்வங்களும் புத்தரும் அந்த மலைகளில் அக்கம்பக்கத்தாராகக் குடியிருக்கிறார்கள். எனக்குச் சாமியைவிடச் சாமி கும்பிடுகிறவர்களைப் பார்ப்பதில்தான் ஆர்வம். அக்காவோ ரயிலென்றும் பாராமல் கை கூப்பிவிட்டாள்.

"எடி, காடு முழுக்கக் கோயில்," என்றாள். "சுத்தமாப் போகோணும். நடுவழியில வந்திட்டுதெண்டால் என்ன செய்யிறது? அது நிண்டாப்பிறகு போவம்."

மாதவிடாய் நாட்களைத்தான் எங்கள் பக்கத்தில் துடக்கு என்போம். அந்த நாட்களில் கோயில் வாசல் மிதிப்பதில்லை.

"யப்பான் சாமிக்கு உங்கட துடக்கைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டேன். அக்கா முறைத்தாள்.

பிறகு ஒருநாள் அவளே போன் எடுத்து, ஏழெட்டு மாதமாக வரவில்லை, இனி வராது என்றாள். பரீட்சையில் பாஸான பிள்ளையின் குரல். கொரோனா முடிந்து யப்பான் கதவைத் திறந்திருந்த நேரம் அது. அடுத்த வசந்தத்தில் லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

சுவிஸ் மலைகளில் வழிகாட்டும் மஞ்சள் பலகைகளைப் பார்த்து நடந்து பழகிய கால்களுக்கு அந்தப் பாதை பெரிய பாடாக இல்லை. அக்காதான் நடக்கவிடவில்லை. மரத்தடியில், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய சின்னக் கற்சிலை ஒன்று நின்றால் போதும், அவளும் நின்றுவிடுவாள். அவர் ஜிசோ, குழந்தைகளையும் வழிப்போக்கர்களையும் காப்பவர் என்று வாசித்துச் சொன்னேன். "உவர் வைரவர்," என்று முடித்துவிட்டாள். "எங்கட ஒழுங்கையிலயும் இப்பிடித்தான் மரத்துக்குக் கீழ இருந்தவர்."

ஒரு கோயில் வாசலில் தண்ணீர்த் தொட்டியும் மூங்கில் அகப்பைகளும் இருந்தன. கையையும் வாயையும் மட்டும் கழுவவேண்டும். அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுக்கும் ஊற்றினாள். பக்கத்தில் நின்ற பெரியவர் வாயைத் திறந்தார், பிறகு மரியாதையாக மூடிக்கொண்டார். நான் அவருக்குக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டேன்.

"கால் கழுவாமல் எப்பிடியடி கோயிலுக்குள்ள போறது?" என்று அக்கா என்னைத்தான் ஏசினாள்.

பெரிய கோயிலுக்கு இன்னும் ஒருநாள் நடை இருந்தது. அன்று மாலை, தங்கிய வீட்டின் குளியலறையிலிருந்து வெளியே வந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"வந்திட்டுது," என்றாள்.

பாய் விரித்த தரையில் இருந்து அழுதாள். இத்தனை வருடம் காத்திருந்து, இவ்வளவு தூரம் வந்து, வாசலில் வைத்து இப்படியா? பெரிய கோயிலைப் பார்த்த மறுநாள் காலையே நாங்கள் பஸ் ஏறவேண்டும். இன்னொரு தரம் வர அக்காவுக்கு லீவும் இல்லை, முழங்காலும் இல்லை. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யாரைக் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

காலையில் எழும்பி நடந்தாள். ஆனால் சிலைகளுக்குக் கிட்டப் போகாமல் பாதையின் மறுகரையால் நடந்தாள். வைரவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது என்னால் பார்க்கமுடியாத காட்சியாக இருந்தது.

பெரிய கோயிலின் பள்ளத்தாக்கு முதன்முதலாகத் தெரிகிற மேட்டில் ஒரு பலகை இருந்தது. அதை வாசித்தபோது என் கண்ணையே நம்பமுடியவில்லை. வெகுகாலத்துக்கு முன் ஒரு பெண் இதுவரை நடந்து வந்தபின் அவளுக்கு மாதவிடாய் வந்துவிட்டதாம். கோயிலுக்குப் போகாமல் இங்கேயே நின்று கும்பிட்டாளாம். அன்றிரவு கனவில் சாமி தோன்றி, அதனால் ஒன்றுமில்லை, நீ வா என்றதாம்.

"சும்மா இட்டுக்கட்டாதை," என்றாள் அக்கா. போனில் பலகையை ஜேர்மன் மொழிக்கு மாற்றி அவளிடம் நீட்டினேன். நின்று நிதானமாக வாசித்தாள்.

"அவவுக்குச் சாமி கனவில வந்து சொல்லியிருக்குது," என்றாள். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே."

அந்தப் பெண்மீது எனக்கே கொஞ்சம் பொறாமை வந்தது.

பெரிய கோயிலின் வாசல் இரண்டு தூணும் குறுக்கு மரங்களும்தான். அதற்கு அப்பால் கற்படிகள் மேலேறின. அக்கா வாசலுக்கு வெளியே ஒரு கல்லில் இருந்துகொண்டு, தன் பங்குக்கும் கும்பிட்டுவரச் சொல்லி என்னை அனுப்பினாள். மேலே போனேன், மற்றவர்கள் செய்தபடி குனிந்தேன், கை தட்டினேன், அவளுக்காகவும் ஒருமுறை கும்பிட்டேன். சந்தோஷமாகவே இல்லை. சீக்கிரம் இறங்கி வந்துவிட்டேன்.

"உள்ளுக்க போனியோ?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா. கதவு பூட்டு. வெளி முத்தத்தில நிண்டுதான் கும்பிட்டம்."

"மற்ற ஆக்கள்?"

"அவையளும்தான். ஒருத்தரும் உள்ள போறேல்லை."

"அப்ப சாமியை?"

"ஒருத்தரும் காணேல்லை. இஞ்ச சாமியைக் காட்டுறேல்லையாம்."

அக்கா கொஞ்ச நேரம் படிகளையே பார்த்தாள். இறங்கி வருகிறவர்களைப் பார்த்தாள். குடும்பம் குடும்பமாக, வயது போனவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய்.

"அப்ப இஞ்ச எல்லாருக்கும் துடக்குத்தான்," என்றாள்.

எழும்பினாள். என்னைப் பார்க்காமல் படியேறத் தொடங்கினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது, பூட்டிய கதவுக்கு நேரே, முற்றத்துச் சரளைக்கல்லில், தலைக்குமேல் கை கூப்பி விம்மி விம்மி அழுதுகொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற யப்பானியர்கள் அவளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஒதுங்கி, தாங்களும் வெளியேதான் நின்றார்கள்.