ராகுகாலத்துக்குள்ள வராத ஜாதகம்

பரண்ல தேடினது குடை. கிடைச்சது பழைய ஹார்ட் டிஸ்க். செங்கல் கனம். காதுல வச்சு ஆட்டிப் பார்த்தேன்; வீட்டம்மா பார்த்த பார்வைய இங்க எழுத வேணாம். எனக்கு அந்தக் கரகர சத்தம் கேட்டுதுங்க, கூடவே கற்பூர வாசனையும். அந்த டிஸ்க் வேலை பார்த்தது ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில, ஒரு மாமி நடத்தின கல்யாணத் தகவல் நிலையத்துல.

அங்க சாஃப்ட்வேர் எழுதினது நான்தான். வயசு இருபத்தி நாலு, அறிவு அதுக்கும் கம்மி. ஜாதகம், போட்டோ எல்லாத்தையும் ஒரே டேபிள்ல அடைச்சு வச்சேன். எந்த நட்சத்திரம் எங்க இருக்குன்னு புஸ்தகத்துக்குப் பின்னாடி இருக்கற மாதிரி ஒரு இன்டெக்ஸ் போடணும்னு தெரியும், சோம்பேறித்தனம். அதனால ரோகிணி நட்சத்திரம் யாருன்னு கேட்டா, மிஷின் முதல் ஆள்லேர்ந்து கடைசி ஆள் வரைக்கும் ஒவ்வொருத்தர் போட்டோவையும் டிஸ்க்லேர்ந்து தூக்கிட்டு வந்துதான் நட்சத்திரத்தைப் பார்க்கும். பொண்ணு பார்க்க வந்த பெரியப்பா மாதிரி.

இதை மறைக்க ஒரு வித்தை வச்சிருந்தேன். காலையில மாமி விளக்கேத்துறப்ப சும்மா ஒரு தடவை தேடி விட்டுடுவேன். டேபிள் மொத்தமும் மெமரியில வந்து உட்கார்ந்துக்கும். அப்புறம் யார் கேட்டாலும் ரெண்டே செகண்ட். "எங்க கம்ப்யூட்டர் மின்னலாக்கும்"னு மாமி பெருமையடிப்பா. நானும் மேதை மாதிரி மூஞ்சிய வச்சுக்குவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு, கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்லேர்ந்து ஒரு ஃபோர்மேன் மகளோட வந்தார். பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள முதல் ஜாதகம் கைக்கு வரணும், விட்டா அடுத்த தைதான்னு அவங்க ஜோசியர் உத்தரவு.

தட்டினேன். கரகர. ஒண்ணும் வரல. முந்தின நாள் ஏத்தின புது வரன்களோட டேபிள் மெமரியவிடப் பெருசாயிடுச்சு. டவுன் பஸ் கதைதான்; பின் படியில ஏற ஏற, முன் படியில இறங்கிட்டே இருக்காங்க. கடைசி மாப்பிள்ளை உள்ள வரும்போது முதல் மாப்பிள்ளை வெளிய போயாச்சு. மறுபடி டிஸ்க்லேர்ந்துதான் எல்லாரையும் கூப்பிடணும்.

"ஏம்ப்பா, உன் மிஷின் பூஜை ரூம்ல உட்கார்ந்து திருவாராதனம் பண்றதா?"ன்னா மாமி.

"தம்பி, பத்து இருபத்தஞ்சு"ன்னார் ஃபோர்மேன். சொல்லிட்டு சுவர்க் கடிகாரத்தையும் போய்ப் பார்த்தார்.

அந்த இடைவெளியில பொண்ணு குனிஞ்சு, "சார், எனக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. கொஞ்சம் இழுக்க முடியுமா?"ன்னுச்சு.

"இழுக்கறது தானா நடக்குதும்மா. வேகமா வர வைக்கத்தான் எனக்குத் தெரியல."

பத்து முப்பத்திரெண்டுக்கு பிரிண்டர் பேப்பரைத் துப்புச்சு. ஃபோர்மேன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டார். "வேணாங்க. தையில வரோம்." வாசல்ல செருப்பு மாட்டும்போதே பொண்ணு அப்பாகிட்ட பெங்களூர் பேச்சை ஆரம்பிச்சிடுச்சு. அந்தத் தையில அவங்க வரல.

சாயந்திரமே மாமி, "நோட்டுப் புஸ்தகமே நன்னாருக்குப்பா, நீ கிளம்பு"ன்னுட்டா. இத்தனை வருஷத்துல என் சாஃப்ட்வேரால சந்தோஷப்பட்ட ஒரே கஸ்டமர் அந்தப் பொண்ணுதாங்க.

இப்ப மாமி இல்ல, அந்த நிலையமும் இல்ல. போன வாரம் தங்கச்சி வீட்டுல அவ மகளுக்கு வரன் தேடினாங்க. மச்சான் போன்ல ஒரு தட்டு தட்டினார். அரை செகண்டுல முந்நூறு மாப்பிள்ளை. புள்ள ஏதோ சொல்ல வாயைத் திறந்துச்சு. அதுக்குள்ள அவர் மூணாவது மாப்பிள்ளைக்குப் போயிட்டார்.