பப்லுவுக்கான ஜெபம்

நாசரேத்துக்காரி ஜெபசுதா டீச்சர் ஓய்வுபெற்றுத் தூத்துக்குடியில் வீடு கட்டிய நாளிலிருந்து அதைப் பெருக்கித் துடைத்தவள் செல்லக்கனிதான். துறைமுகத்துப் பக்கமிருந்து காற்றில் வரும் கரித்தூள் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும். மகன் ஜாபேஸ் துபாயிலிருந்து வீடு துடைக்கிற ரோபோ ஒன்றை அனுப்பினான். பேரப்பிள்ளைகள் அதற்குப் பப்லு என்று பேர் வைத்தார்கள். செல்லக்கனிக்குப் பாத்திரம் கழுவுவது மட்டும் மிஞ்சியது.

டீச்சருக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பப்லு லீவு கேட்காது, கட்டிலுக்கடியிலும் புகுந்து துடைக்கும். வேலையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, குலசேகரன்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்று செல்லக்கனி வந்து அழுதாள்.

"ஏளா, பயப்படாத. தெனமும் சாயங்கால ஜெபத்துல அவ பேரச் சொல்லி ஜெபிக்கேன்," என்றாள் டீச்சர்.

ஜெபம்தானே, காசா பணமா? மறுநாளே மறந்தும் போனாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பப்லு படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குச் சபையார் வீட்டுக்கு வருகிறார்கள். டீச்சரின் கணவர் நேசக்குமார் பப்லுவைக் குப்புறப் போட்டுத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. சாயங்காலம் டீச்சர் முழங்காலில் நின்று, வழக்கம்போல் குடும்பத்தில் உள்ளவர்களை வரிசையாகப் பேர் சொல்லி வந்தாள். கணவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். அந்த ஓட்டத்திலேயே, "பப்லுவையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் அப்பா, சுகமாக்கி நடமாடச் செய்யும், ஆமென்" என்று முடித்தாள்.

கண்ணைத் திறந்தால் அடுக்களை வாசலில் செல்லக்கனி. குழாயை நிறுத்திவிட்டு, டீச்சரைப் போலவே முந்தானையைத் தலையில் போட்டுக் கைகூப்பி நிற்கிறாள்.

"முடிஞ்சிட்டா டீச்சர்?"

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் டீச்சர் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பாள். இப்போது வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனாள். ஒரு மெஷினுக்குச் சுகம் கேட்டோமே, இவள் இத்தனை நாளும் இப்படித்தான் நின்று கேட்டிருப்பாளோ என்று அப்போதுதான் உறைத்தது.

"இல்ல, இன்னும் இருக்கு. பக்கத்துல வா."

மறுபடியும் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, எங்க செல்லக்கனி மகள்..." அதோடு நின்றுவிட்டது. மண்டையைக் குடைந்து பார்த்தாள். வாய்க்கு வந்த ஒரே பேர் பப்லுதான். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

"ஏளா, ஒம் மக பேரு என்ன?"

செல்லக்கனி கூப்பிய கையை இறக்கவில்லை.

"பானுப்ரியா. நாளைக்குக் காலைல மட்டுமாவது மறந்துராதிய, டீச்சர்."