மூன்று பிரேம் மர்சூக்

"கவர்னர் துரையே வந்து முன்னால குந்தட்டும். மூணே மூணு பிரேம்! நாலாவது பிரேமுக்கு என் கை போச்சுதெண்டா, கடையைப் பூட்டிட்டு லக்கலக் காட்டுக்குப் போய் சேனைப் பயிர் செய்யிறன். யானை என்னத் தின்னட்டும்!"

மாத்தளை டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை திறந்த அன்று, கூடியிருந்த ஏழு பேர் முன்னிலையில் மர்சூக் நானா இப்படிச் சூளுரைத்தார். ஏழில் நாலு பேர் பலகாரத்துக்காக வந்தவர்கள். பக்கத்துப் புடவைக் கடை சாலிஹ் ஹாஜியார் மட்டும்தான் காது கொடுத்துக் கேட்டார்.

"யானை இறைச்சி தின்னாது மர்சூக்," என்றார்.

"அப்ப மிதிக்கட்டும்."

இது நடந்தது ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினெட்டில். அதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகளில் ரப்பர் விலை ஏறி விழுந்தது, தேயிலை விலை விழுந்து ஏறியது, சபதம் மட்டும் இம்மியும் அசையவில்லை. ஊரும் அவருக்கு 'மூணு பிரேம்' என்று பட்டம் கொடுத்துத் தன் கடமையை முடித்துக்கொண்டது.

அவருடைய முறை எளிமையானது. முதல் பிரேம் வேண்டுமென்றே பொருந்தாதது. அதை மாட்டியதும் வந்தவருக்குத் தம் முகத்தைப் பற்றி இருந்த கர்வம் இறங்கிவிடும். இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை; நம்பிக்கை துளிர்க்கும். மூன்றாவது, ஆள் வாசற்படி ஏறும்போதே நானா மனசுக்குள் எடுத்து வைத்துவிட்டது. போட்டதும் வந்தவர் காசை எடுத்து நீட்டுவார். அரை மணி நேரத்தில் ஆள் தெருவில் நிற்பார்.

நம்பர் கூடியவர்கள் அவருடைய தனி ராச்சியம். கண்ணின் குறை ஏற ஏறக் கண்ணாடியின் ஓரம் தடிக்கும். அகலமான பிரேமில் போட்டால் போத்தல் அடி மாதிரித் துருத்திக்கொண்டு, பாரம் தாங்காமல் மூக்கில் வழுக்கி இறங்கும். சின்ன வட்டம் வேண்டும், விளிம்பு தடிப்பாக வேண்டும், மூக்கை இறுக்காமல் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் நானா கண்ணாலேயே அளப்பார். இந்த ஆட்களிடம் இன்னொரு வசதியும் உண்டு. வெறும் பிரேமை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றால் அவர்களுக்குத் தெரிவது நக்கிள்ஸ் மலைப் பனிமூட்டம்தான். முகம் அவர்களுடையது, எப்படி இருக்கிறது என்ற தீர்ப்பு நானாவுடையது. மேல்முறையீடு கிடையாது.

இப்பேர்ப்பட்ட தொழிலில் ஒரேயொரு ஓட்டை. பொருத்தமான கண்ணாடி போட்டவன் திரும்பி வருவதில்லை. சலூன்காரனுக்கு மாதம் தவறாமல் அதே தலை வரும். பாண் கடைக்கு விடிந்தால் அதே வயிறு வரும். நானாவின் வாடிக்கையாளர்களோ எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனார்கள். உள்ளே குந்தியிருந்தவரைத் தவிர. எவ்வளவு திறமையோ அவ்வளவு சீக்கிரம் கடை காலியானது.

மனைவி நூருன்னிஸா கடைக்கு ஐந்து வயதாகும்போது மௌத்தாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. கடையின் பின்னறையில் நானாவே சமைத்துச் சாப்பிட்டார். "இண்டைக்கு உப்புக் கூடிட்டுது," என்று சத்தமாகச் சொல்வார். சற்று நேரம் காத்திருப்பார். யாரும் மறுக்காததால் அதையே சாப்பிட்டு முடிப்பார்.

முப்பத்தாறாம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து லொறி ஒன்று கடை வாசலில் ஓர் ஆளை இறக்கிவிட்டு, பின்னேரம் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிப் போனது. ஆள் கதவைத் தடவி உள்ளே வந்து, சுவரில் தொங்கிய கோட்டுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"நான் இங்க ஈக்கிறன்," என்றார் நானா, எதிர்ப்பக்கத்திலிருந்து.

"மன்னிச்சிக்கோங்க முதலாளி. பேரு ராசையா. ஃபாக்டரில டீமேக்கருங்க." கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். மைனஸ் பதினாலு. அப்படி ஒரு நம்பரை வைத்துக்கொண்டு தேயிலையின் நிறம் பார்க்கிற வேலை!

"பழைய கண்ணாடி எங்க?"

"துரை மிதிச்சிட்டாருங்க."

துரையைக் கண்டால் குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை இறக்க வேண்டும். இது தோட்டத்துச் சட்டம். கண்ணாடியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மரியாதை விஷயத்தில் குறை வைக்கக் கூடாதென்று ராசையா அதையும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வது வழக்கம்.

"அன்னிக்குத் துரை மோட்டார் சைக்கிள நிறுத்திட்டு அந்தப் பக்கமா போயிட்டாரு நானா. எனக்கு எங்க தெரியுது? சைக்கிளுக்கு சலாம் போட்டு, கொழுந்து வாடல் பத்தலைங்க துரைன்னு விலாவாரியா சொல்லிக்கிட்டிருக்கேன். அதுவும் மறுபேச்சு பேசாம கேட்டுக்கிச்சு. பின்னால துரை சிரிக்கவும் பதறிக் குனிஞ்சேன், கண்ணாடி விழுந்திருச்சு. அவரு ஒரு எட்டு வச்சாரு. முடிஞ்சிச்சு."

"நீங்க ஒண்டும் செல்லலயா?"

"துரை மிதிக்கிறப்ப சத்தம் போடலாமுங்களா?"

நானா சிரித்தார். அந்தச் சத்தம் அவருக்கே புதுசாக இருந்ததால் சட்டென்று நிறுத்தினார். துரையும் தம் பூட்ஸின் குற்றத்தை உணர்ந்து, கண்ணாடி வரும்வரை சம்பளத்தோடு லீவு கொடுத்திருக்கிறாராம். நானா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கடை வரலாற்றில் ஒரு வாடிக்கையாளருக்குத் தேத்தண்ணி கொடுத்தது அதுவே முதல் தடவை.

முதல் பிரேமை மாட்டினார். கர்வம் இறங்க வேண்டும். ராசையாவிடம் இறங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாவதை மாட்டினார்.

"எம்மூஞ்சி எப்படி இருக்குன்னு நீங்க சொல்றீங்க," என்றார் ராசையா. "நீங்க எப்படி இருப்பீங்க நானா? எனக்கு வெறும் குரல்தான் வருது."

ஆயிரக்கணக்கான முகங்களுக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதரிடம், அவருடைய முகத்தைப் பற்றி இதுவரை யாரும் விசாரித்ததில்லை. நானா சுவர்க் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"மட்டான உயரம். தாடி கறுப்பு."

"குரல்ல நரை தெரியுதே?"

"அரைவாசி நரை," என்று இறங்கி வந்தார் நானா. தாடியில் கறுப்பு என்று ஒரு முடி இல்லை.

"கூட யாரு இருக்காங்க?"

"நூத்தியிருவது பிரேம் ஈக்கு."

"அதுங்க பேசாதே நானா."

"பேசாதுதான்."

இருவரும் தேத்தண்ணியைக் குடித்தார்கள். நானா மூன்றாவது பிரேமை எடுத்து மாட்டினார். ஆமையோட்டு விளிம்பு, சின்ன வட்டம். ராசையா பிறந்ததே அதோடுதான் என்று சத்தியம் செய்யலாம். பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு பொருத்தம் அமைந்ததில்லை. இனி இந்தப் பிரேமின் அளவை எழுதிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான். கண்ணாடி பதினைந்து நாளில் தபாலில் தோட்டத்துக்கே போய்விடும். ஆள் மறுபடி படி ஏற வேண்டிய அவசியமே இல்லை.

"மூக்குல நல்லா குந்திக்கிச்சே," என்றார் ராசையா, விரலால் தடவிப் பார்த்து. "எப்படி இருக்கு நானா?"

தெருவில் லொறியின் ஹார்ன் அடித்தது.

"சரிவராது," என்றார் நானா.

"சரிவராதுங்களா?"

"மூஞ்சி ஒரு பக்கம் இழுத்தாப்போல ஈக்கு. அவசரப்பட ஏலாது. வாற ஞாயித்துக்கெழம வாங்க, பாப்பம்."

ராசையா அந்தப் பிரேமின் மேல் விரலை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு தாமே கழற்றி, குரல் வந்த திசைக்கு நீட்டினார்.

"வர்றேன் நானா. லீவுதானே."

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். நானா தேத்தண்ணியை முதலிலேயே ஊற்றி வைத்திருந்தார். அலுமாரியைத் திறந்து, ராசையாவின் முகத்துக்குக் கொஞ்சமும் ஒவ்வாத, காதுவரை அகன்ற நாலாவது பிரேமை எடுத்து, ஊதித் துடைத்து, அவர் மூக்கின்மேல் மெதுவாக வைத்தார்.